ஒன்றரை வோல்ட்

மூன்று குளிர்காலம், மூன்று பேட்டரி.
மூன்றையும் எஸ்கேல் ஊரில்
எவாரிஸ்தோ கடையில்தான் வாங்கினேன்.
மூன்றாவது முறை அவனைத் திருடன் என்றேன்,
கடை நிறைய ஆள் இருக்கையில்.

ஜூலை மாதம், ட்ரெவெலின், விடிகாலை நான்கு.
பதகோனியக் காற்றுகூடப் படுத்துத் தூங்கும் நேரம்.
என் பெஜோ 504, எண்பத்து மூன்றாம் வருடத்து வண்டி.
பின்னால் நூற்றிருபது ரொட்டி, சூடு ஆறிக்கொண்டு.
சாவியைத் திருப்பினால்
உம்… உம்… என்று
கடனைத் திருப்பிக் கேட்டவனுக்குச்
சொல்கிற பதில் மாதிரி ஒரு முனகல்.
எப்படியோ கிளம்பிவிட்டால்
கடைசி வீடுவரை எஞ்சினை அணைக்க மாட்டேன்.

எதிர்வீட்டு ஃபெர்மின் கூரின்யாங்கோ
வெல்டிங் பட்டறைக்காரன். பேச்சு குறைவு.
ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டரோடு வந்தான்.
ஒரு முள்ளை பேட்டரியின் கழித்தல் முனையில்,
இன்னொன்றை எஞ்சின் உடம்பில் வைத்தான்.
"ஸ்டார்ட் பண்ணு."
ஒன்றரை வோல்ட்.
"இங்கே ஒன்றுமே காட்டக் கூடாது" என்றான்.
"பேட்டரி ஒழுங்காத்தான் கொடுக்குது.
வழியிலே யாரோ தின்னுடறாங்க."

கழற்றிய கேபிளை மடியில் போட்டுக் கீறினேன்.
மேலே கறுப்பு உறை, ஒரு விரிசல் தவிர முழுசு.
உள்ளே செம்பு இல்லை.
மூட்டை அடியில் மறந்துபோன மாவு மாதிரி
பச்சை பூத்த பொடி.
போகிற சிவப்பு கேபிளை
எத்தனை தடவை துடைத்திருப்பேன்.
திரும்பி வருகிற கறுப்பை
ஒரு நாளும் தொட்டதில்லை.

பட்டறையில் வெல்டிங் கேபிள் மிச்சம் கிடந்தது,
ஐம்பது சதுர மில்லிமீட்டர்.
கட்டைவிரல் தடிமன், ஆனாலும்
உள்ளே மயிரிழை மயிரிழையாய்ச் செம்பு ஓடுவதால்
பிசைந்து முடித்த மாவுபோல வளைந்து கொடுத்தது.
முனையைச் சீவி லக்குக்குள் திணித்து
ஹைட்ராலிக் இடுக்கியில் கொடுத்தோம்.
நான் பம்ப் அடித்தேன், அறுகோணமாய் நசுங்கியது.
அவன் கையால் இழுத்துப் பார்த்தான்.
நான் சுவரில் காலை உதைத்து இழுத்தேன்.
வரவில்லை.

சிவப்பையும் சேர்த்தே மாற்று என்றான், மாற்றினேன்.
பாடியில் பெயிண்டைச் சுரண்டு என்றான்.
வெள்ளி தெரியும்வரை சுரண்டினேன்.
மனசு வலித்தது. நல்ல நீலம் அது.
போல்ட்டை இறுக்கி, மேலே வாசலின் தடவி,
கழித்தல் முனையைக் கடைசியாக மாட்டினேன்.
கூலி கேட்டால்
"நாளைக்கு ரெண்டு ரொட்டி" என்று
ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே போய்விட்டான்.

திங்கள், நான்கு மணி.
சாவியை முழுசாகத் திருப்பக்கூட இல்லை,
எஞ்சின் எழுந்துவிட்டது.
நான்தான் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் எஸ்கேலுக்குப் போனேன்.
கடை நிறையட்டும் என்று வெளியே காத்திருந்து
உள்ளே போய்ச் சத்தமாகச் சொன்னேன்:
"நீ விற்றது நல்ல பேட்டரி.
திருடன் என் வண்டிக்குள்ளேயே இருந்தான்."
எவாரிஸ்தோ ரொட்டியை வாங்கிக்கொண்டான்.
முகம் கொடுக்கவில்லை.
"பழைய ரெண்டும் எங்கே?" என்று மட்டும் கேட்டான்.
இவனிடமே எடைக்குப் போட்டிருந்தேன்.
இரண்டு பேருக்கும் அது ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

மறுநாள் முதல் வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்தேன்.
கை நடுங்கத்தான் செய்தது.
திருப்பினேன், எழுந்தது. அடுத்த வீட்டிலும்.
பாதி ஊர் தாண்டியபின் பயம் விட்டுப்போய்
காது திறந்தது.
குழாயில் பனி உருகிச் சொட்டுகிறது.
தபால்காரன் வீட்டில் யாரோ இருமுகிறார்கள்.
அந்த மஞ்சள் நாய் குரைப்பது எனக்காக இல்லை,
பக்கத்து வீட்டு நாய்க்காக.

கடைசி வீடு நெரிஸ் பியூ.
கதவிடுக்கில் கை மட்டும் நீளும்.
ரொட்டியை வாங்கும்போது தினமும் ஏதோ சொல்வாள்.
நன்றி என்கிறாள் என்று நினைத்து
நானும் மூன்று வருடமாகத்
தலையாட்டிச் சிரித்துவிட்டு வருவேன்.
இன்றைக்கு அவள் குரலுக்கும் என் காதுக்கும் நடுவில்
எதுவுமே ஓடவில்லை.
"எலுனெட்," என்றாள்,
"சோம்பு போடாதே என்று
இன்னும் எத்தனை தடவைதான் சொல்வது?"